ஏழு படிகளும் என் கட்டைவிரலும்

மேலப்பாளையத்தில் நாங்கள் சுற்றிய பீடியைக் கொடுக்கும் கடைக்கு ஏழு படிகள். என் இரண்டு கால்களும் சின்ன வயதிலேயே சூம்பிவிட்டன. மூன்று சக்கர வண்டியில்தான் போவேன். முன்பெல்லாம் நான் லாத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அக்கா தன் பீடியோடு என்னுடையதையும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். இந்த வருஷம் கடையில் விரல் ரேகை மெஷின் வைத்தார்கள். வாரம் ஒருமுறை பீடி கார்டு யார் பேரில் இருக்கிறதோ அவளே வந்து விரல் வைக்க வேண்டும். இல்லையென்றால் பீடி சுற்ற இலையும் புகையிலைத் தூளும் கிடையாது.

அதனால் வாராவாரம் என்னைத் தூக்கினார்கள். லாத்தாவும் இன்னொருத்தியும் கக்கத்தில் கை கொடுப்பார்கள். மூன்றாவது ஒருத்தி காலைப் பிடிப்பாள். நல்ல மனசோடுதான். எனக்கோ ஒவ்வொரு படியிலும் உயிர் போய் வரும். போன மாதம் ஐந்தாவது படியில் ஒரு பிடி நழுவி, என் முதுகு படி விளிம்பில் இடித்தது. "ஒண்ணுமில்ல" என்று சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். இவ்வளவு செய்தும் குறை சொல்கிறாளே என்று நினைத்துவிடுவார்களோ என்றுதான் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் தூறல் விட்டிருந்தது, படியெல்லாம் வழுக்கல். லாத்தா வழக்கம்போல் குனிந்தார். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"வேண்டாம் லாத்தா, தூக்காதிய. பயமா இருக்கு."

"இத்தனை நாளா வாயில என்னத்தளா வச்சிருந்த, பீடியா?" என்றார் லாத்தா. பீடி கொடுக்க வந்திருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் மேலே பார்த்துக் கத்தினார்.

"அண்ணாச்சி, மெஷினைக் கீழ கொண்டாங்க!"

"வயர் எட்டாதும்மா" என்றார் கடைக் கணக்கர்.

"அப்ப நாங்களும் ஏறல."

ஈரப் படியென்றும் பாராமல் லாத்தா உட்கார்ந்துவிட்டார். ஒருத்தி பின் ஒருத்தியாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். என்னால் இத்தனை வீட்டிலும் இன்று இலை இல்லாமல் போகுமே. என் கார்டையே ரத்து செய்துவிட்டால்?

"நான் வீட்டுக்குப் போறேன், நீங்க ஏறுங்க" என்றேன்.

"சும்மா கெட" என்றாள் என் காலைப் பிடிப்பவள். "எனக்கும் முட்டு வலிதான். இந்தப் படி ஏறுத அன்னைக்குத் தூக்கமே கெடையாது."

யாரும் எழவில்லை. கடைசியில் ஒருத்தி எதிர்த்த டீக்கடையிலிருந்து நீள வயர் வாங்கி வந்தாள். அண்ணாச்சி மெஷினை அணைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்.

"பைய அண்ணாச்சி. நாங்க வேணா தூக்கவா?" என்றார் லாத்தா.

அவர் முறைத்தார். மெஷினை என் மடியில் வைத்தார். விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. பீடி சுற்றிச் சுற்றி எங்கள் கட்டைவிரலில் ரேகை தேய்ந்து காய்ந்திருக்கும். மறுபடி வைத்தேன். சிவப்பு.

"இதுக்குத்தானா இவ்வளவு கூத்து?" என்றார் அண்ணாச்சி.

தெருவே பார்ப்பதுபோல் இருந்தது. பயத்தில் கையெல்லாம் வியர்த்தது. அந்த ஈர விரலை வைத்தேன். பச்சை.

"இந்த ஒரு வாரம்தான்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி மேலே போனார்.

நாளைக்கு மறுபடி போக வேண்டும். லாத்தா சொந்தமாகவே ஒரு நீள வயர் வாங்கி வைத்திருக்கிறார். ஆனால் மெஷினைக் கீழே கொண்டுவரும்படி இந்தத் தடவை நீதான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். எனக்கு இப்போதே விரல் வியர்க்கிறது.