குனியாமல் அறுத்த சம்பா

டாக்டர் மாசிலாமணி தவறிப்போய்விட்டார் என்று மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார். வாங்கிய மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட உங்களுக்கும் கையும் காலும் ஓடியிருக்காது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

கத்தி வைக்காமல், வெளியிலிருந்தே அதிர்வலையால் அடித்துச் சிறுநீரகக் கல்லை உடைக்கும் மெஷின் தஞ்சாவூருக்கு வந்த புதிது. எனக்கு இரண்டு பக்கமும் கல். ஒரே நாளில் இரண்டையும் உடைத்துவிடுங்கள், சம்பா அறுப்பு வருகிறது என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"கல்லுல அடிக்கிற அடி கல்லோட நிக்காதுங்க. சுத்தி இருக்கிற சதையும் கன்னிப்போகும். ஒரு கிட்னி நோவுறப்ப இன்னொண்ணாவது நல்லா இருக்கணும்ல."

இடது பக்கம் மட்டும் செய்தார். சிறுநீர் சிவப்பாகப் போனதும் பதறினேன். தெளிந்துவிடும், ஆனால் இரண்டு வாரம் குனியக்கூடாது, தூக்கக்கூடாது, உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும் என்றார்.

அப்போதுதான் என் சங்கடத்தைச் சொன்னேன். நாங்கள் குத்தகைக்கு உழுத வயலிலிருந்து நிலக்காரர் எங்களை வெளியேற்றப் பார்த்த காலம் அது. சட்டம் உங்கள் பக்கம் என்று மேடையில் சொன்னார்கள். வயலில், முதல் பிடியை யார் அறுத்தான் என்றுதான் பார்த்தார்கள். குத்தகைக்காரன் அறுக்காவிட்டால் சாகுபடியை விட்டுவிட்டான் என்று பேச்சு கிளம்பிவிடும். அறுப்பு என்றைக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அறுப்பன்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார். என் கையிலிருந்த அரிவாளை வாங்கி என் மனைவி அஞ்சலையிடம் கொடுத்தார். நீங்கள் அறுங்கள் அம்மா, இவர் பார்த்துக்கொண்டு நிற்கட்டும் என்றார்.

நிலக்காரரின் கணக்குவழக்கைப் பார்க்கும் காரியக்காரர் சிரித்தார். "அறுக்காதவன் என்னய்யா குத்தகைக்காரன்? டாக்டருக்கும் இதுல பங்கு உண்டோ?"

"நெலம் யாருதுன்னு எனக்குத் தெரியாதுங்க. இவரு கிட்னி மட்டும் ரெண்டு வாரத்துக்கு என்னோட குத்தகை."

அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து சிரித்த சிரிப்பில், காரியக்காரரும் துண்டால் வாயை மூடிக்கொண்டார். கடைசிக் கட்டு களத்துக்குப் போகும்வரை நான் வரப்பில் நின்றேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பிறகு நிலக்காரர் கொடுத்த மனுமேல் நடந்த தாசில்தார் விசாரணைக்கும் டாக்டர் வந்தார். இவர் வயலை விடவில்லை, குனியவிடாதது நான்தான் என்று சொன்னார். நிலம் எங்களிடமே நின்றது. இடது பக்கம் நன்றாக ஆறிய பிறகுதான் வலது பக்கக் கல்லைத் தொட்டார்.

வலிக்கிறது என்று சொன்னால் வேலைக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று வாயை மூடியே வளர்ந்த உடம்பு இது. அவர் என் விலாவில் உள்ளங்கையை வைத்து, "நோவுதா? சொன்னாத்தானே தெரியும்" என்று கேட்பார். அப்படித்தான் சொல்லப் பழகினேன். அவர் கொடுத்ததில் என்னிடம் இருப்பது அந்தப் பழக்கம்.

இன்றைக்கு நோகிறது. சொல்லிவிட்டேன்.