டீச்சர் வீட்டு மெக்கானிக்

மெக்கானிக் வாயைத் திறந்தால் போதும், டீச்சர் திருத்துவார். டீச்சர் வேறு யாருமில்லை, அவர் மனைவிதான். கடைத்தெரு மாடியில், வேலை முடிந்து வருகிறவர்களுக்கு மாலை நேர ஆங்கில வகுப்பு எடுப்பவர். மெக்கானிக் வாடிக்கையாளரிடம் போனில், "இன்ஜின் ரன்ஸ் குட் சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் சமையலறையிலிருந்து குரல் பாய்ந்து வரும்.

"குட் இல்லீங்க, வெல்! ரன்ஸ் வெல்!"

"வண்டி ஓடுது இல்ல? அது போதும் அவருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து இதே கச்சேரிதான். இவள் வாய் ஒரு நாளாவது ஓயாதா என்று மெக்கானிக் அலுத்துக்கொள்ளாத வாரம் கிடையாது.

ஓய்ந்தது. டீச்சரின் தொண்டையில் ஒரு சின்னக் கட்டி. பயப்படும்படியாக ஒன்றுமில்லை என்று வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆனால் தான் சொல்லும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீடு வெறிச்சென்று ஆனது. மெக்கானிக் போனில் என்ன உளறினாலும் கேட்க நாதியில்லை. மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கிடையில் வகுப்பு நடத்தும் மேனேஜர் நைசாக ஆரம்பித்தார். "டீச்சர் ரெஸ்ட் எடுக்கட்டும். நாங்க வேற ஆளைப் போட்டுக்கறோம்."

டீச்சரின் முகம் விழுந்துவிட்டது. அந்த வகுப்புதான் அவருக்கு உயிர் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். "வேற ஆள் எதுக்கு? அவ போர்டுல எழுதட்டும், நான் வாயா இருக்கேன்" என்று அவர் வீறாப்பாகச் சொல்லிவிட்டார். மேனேஜரும் அரை மனதோடு தலையாட்டினார்.

ஏற்பாடு இதுதான். டீச்சர் எழுதுவார், மெக்கானிக் விளக்குவார். சரியாகச் சொன்னால் சாக்பீஸால் போர்டில் ஒரு தட்டு. தப்பென்றால் இரண்டு. முதல் பாடமே அட்ஜெக்டிவும் அட்வெர்பும்.

"ஸ்லோ கார்னா, அந்த வண்டியே சோம்பேறி வண்டி. அது அட்ஜெக்டிவ். கோஸ் ஸ்லோலின்னா, வண்டி மெதுவாப் போகுது. அது அட்வெர்ப். ஒண்ணு வண்டியைச் சொல்லுது, இன்னொண்ணு ஓட்டத்தைச் சொல்லுது. ஆச்சா?"

ஒரு தட்டு. மெக்கானிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

ஒரு நாள் டாக்டர், "இனி பேசலாம். குரல் பழையபடி இருக்குமான்னு பேசினாத்தான் தெரியும்" என்றார். டீச்சர் பேசவில்லை. மகள் போனில் கெஞ்சியும் தலையை மட்டும் ஆட்டினார். என்ன குரல் வருமோ என்ற பயம். மெக்கானிக்குக்கு அது புரிந்தது. இன்ஜினைப் பிரித்து மாட்டிய பிறகு முதல்முறை சாவியைத் திருப்ப அவரும் தயங்குவார்.

அன்று மாலை வகுப்பில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எழுதிக்கோங்க. ஹீ ஈட்ஸ் குயிக்."

இரண்டு தட்டு. காதில் விழாததுபோல் மேலே போனார்.

"ஷீ சிங்ஸ் பேட்."

இரண்டு தட்டு, பலமாக. வகுப்புக்கு வரும் பியூட்டி பார்லர் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முன்வரிசையில் இருந்த வாட்ச்மேன் பாவம், ஒன்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். டீச்சரால் தாங்க முடியவில்லை. தப்பைச் சொல்வதாவது பரவாயில்லை, அதை ஒருவர் அக்கறையாக எழுதுகிறாரே!

"ஐ டிரைவ் கேர்ஃபுல்" என்றார் மெக்கானிக் கூசாமல். "அடிக்கோடு போட்டுக்கோங்க."

சாக்பீஸ் ஒடிந்தது. "கேர்ஃபுலி!"

எழுதிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். குரல் கரகரத்துத் தாழ்ந்திருந்தது. ஆனால் கடைசி பெஞ்சு வரை கேட்டது.

"அப்ப எதை எழுதறது?" என்றார் வாட்ச்மேன்.

"எல்லாத்தையும் அடிங்க" என்றார் டீச்சர், மெல்ல கையை எடுத்துவிட்டு. பிறகு கணவரைப் பார்த்தார். "ஏங்க, இத்தனை நாள் நீங்களே பாடம் நடத்துறீங்க. இதுகூடத் தெரியலையா?"

மெக்கானிக் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது.

"தெரியும்மா. நீ சொல்லிக் கேட்டு ரொம்ப நாளாச்சு."

அவர் கல்யாணம் பண்ணிக்கொண்ட குரல் இல்லை அது. ஆனால் என்ன, அதுவும் அவரைத்தான் திருத்தியது.