வேலை வேறு, வேளை வேறு

ஜஹீருன்னிசா மேடம் எங்கள் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தார். இப்போது இல்லை. அவர் வேலை போனதற்கு நிர்வாகம் காரணம், நிதிப் பற்றாக்குறை காரணம், வெளிநாட்டில் ஷூ வாங்காமல் நிறுத்தியவர்கள் காரணம் என்று ஆசிரியர் அறையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நானும் கூடவே தலையாட்டுகிறேன். என்னைப் போல வெட்கங்கெட்டவன் அந்த அறையில் வேறு எவனும் இல்லை.

முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் பிறந்தவர். அப்பாவுக்கு டேனரியில் தோலைத் தரம் பிரிக்கும் வேலை. வீட்டில் உருது, ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியிலும் உருது. ஆறாவதில் தமிழ்ப் பள்ளிக்கு மாறிய முதல் வாரம், வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்று வாசித்ததற்கு வகுப்பே சிரித்ததாம். “அன்னிக்கு வந்த கோவம் சார், எம்.ஏ. வரைக்கும் தாங்குச்சு” என்பார். அவர் ‘ழ’ சொல்லிக் கேட்டால், பிறந்தது முதல் தமிழே பேசுகிற வேலூர்க்காரர்களான எங்களுக்கே நாக்கைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொள்ளத் தோன்றும்.

பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். அறிவிப்புப் பலகையில் எந்தச் சுற்றறிக்கை ஒட்டினாலும் நின்று படித்து, பிழையைத் திருத்திவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார். முதல்வர் கையெழுத்துப் போட்டதாக இருந்தாலும் விடமாட்டார். நான் வரலாற்றுத் துறை, பெயர் கன்னியப்பன். டைம் டேபிள் போடுவதும் என் பொறுப்பு. ஒவ்வோர் ஆண்டும் அதன் தலைப்பில் ‘பாடவேலை’ என்றே தட்டச்சு செய்வேன். ஒவ்வோர் ஆண்டும் அவர் ‘லை’யை அடித்து ‘ளை’ போடுவார். “வேலை வேற, வேளை வேற சார். எத்தினி வாட்டி சொல்றது?” என்பார். எனக்கும் ஏறவில்லை, அவருக்கும் சலிக்கவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் ஒரு யோசனையோடு வந்தார். உருதுப் பள்ளிகளில் படித்துவிட்டு எங்களிடம் சேரும் பெண்களுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அரசுத் தேர்வு எழுதப் போனால் தமிழ்த் தாளிலேயே கவிழ்ந்துவிடுவார்கள். “வாரத்துல ரெண்டு லைப்ரரி ஹவர் சும்மாதானே போவுது? அதுல நான் எடுக்கறேன்” என்றார். டைம் டேபிளில் உங்கள் பெயரைப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். “வேணாம் சார். தமிழ்னு போட்டு என் பேரையும் போட்டா, இதுங்களுக்கு எழுதத் தெரியாதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும். கூச்சப்படுங்க. லைப்ரரின்னே இருக்கட்டும்.” அப்படியே விட்டேன். புதன், வியாழன் மூன்றாம் மணிக்கு நேரே ‘நூலகம்’ என்று மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. மூன்று ஆண்டுகள் அந்த இரண்டு மணி நேரத்தையும் அவர் ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை.

போன ஏப்ரலில் செயலாளர் வக்கார் அகமது என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. “சார், எங்க ஷூ கம்பெனியிலயே ஆர்டர் ரொம்பக் கம்மி. டிரஸ்ட்லேர்ந்து இந்த வருஷம் காலேஜுக்கு எதுவும் வராது. உங்க வரலாறுல படிக்கறது பதினோரு பேரு, தமிழ்ல ஒம்பது பேரு. இதை வெச்சிக்கினு எப்படி சம்பளம் குடுக்கறது? வாரத்துக்குப் பதினாறு ஹவருக்குக் கீழ இருக்கறவங்கள நிறுத்தறதுன்னு முடிவாயிடுச்சு. வர்ற வருஷத்து டைம் டேபிள நாளைக்குக் குடுங்க. இப்ப யாருகிட்டயும் சொல்ல வேணாம்” என்றார்.

அறைக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். மற்றவர்களில் நான்கு பேர் எப்படியும் தேறமாட்டார்கள். ஜஹீருன்னிசா மேடத்துக்குப் பதினான்கு. எனக்கும் பதினான்கு. பெயரில்லாமல் கிடந்தவை நூலகத்தின் இரண்டு கட்டங்கள்தான்.

அந்த இரண்டும் அவருடையவை. அவர் பெயரைப் போட்டால் அவர் இருப்பார், நான் போவேன். இதில் குழப்பம் எதுவும் இல்லை. கூட்டல் தெரிந்த யாருக்கும் விளங்கும். சத்துவாச்சாரி வீட்டுக் கடனை நினைத்தேன். பொறியியல் மூன்றாம் ஆண்டில் இருக்கும் என் மகனை நினைத்தேன். அவருக்கும் ஒரு மகள் படிக்கிறாள் என்பதும், அவர் கணவர் காஷிஃபுக்கு ஷூ கம்பெனியில் வாரம் நான்கு நாள்தான் வேலை என்பதும் நினைவுக்கு வந்தன. வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். எல்லாம் நினைவுக்கு வந்த பிறகுதான் இரண்டு கட்டங்களிலும் ‘க.’ என்று அடித்தேன். ஓர் எழுத்து, ஒரு புள்ளி, அவ்வளவுதான் வேலை.

மே மாதம் ஐந்து பேருக்குக் கடிதம் போனது. புது டைம் டேபிள் பலகைக்கு வந்தது. புத்தகங்களை எடுத்துப்போக வந்தவர், பலகை முன்னால் நின்று படித்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

“சார், லைப்ரரி ஹவர்ல உங்க பேரப் பாத்தேன்.”

எழுந்து ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“நான் போறேன்னு தெரிஞ்சதும் அந்தப் பிள்ளைங்கள நீங்க ஏத்துக்கினீங்களே. லெட்டர் வந்ததுலேர்ந்து அதான் பேஜாரா இருந்துச்சு, இனிமே யாரு பாப்பாங்கன்னு. இப்ப நிம்மதியா இருக்கு.”

“மேடம், அது வந்து...”

“ஒண்ணும் சொல்லாதீங்க. பேரு போட வேணாம்னு நான்தானே சொன்னேன்? அன்னிக்கே போட்டிருந்தா பதினாறு வந்திருக்கும். என் தப்புதான் சார்.”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். “பரவால்ல மேடம்” என்றேன். பரவாயில்லையாம்! யார் வேலையைப் பிடுங்கிக்கொண்டு யாருக்குப் பெரிய மனது பண்ணினேன் என்று நினைத்தாலே இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பையிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்துக் கொடுத்தார். மூன்று ஆண்டு வருகைப்பதிவு அது. தேதி, வந்த பெண்களின் பெயர், அன்றைக்கு நடத்திய எழுத்து, அடியில் அவர் கையெழுத்து. எந்தப் பெண்ணுக்கு ர, ற குழப்பம், யார் கேட்கப் பயப்படுவாள் என்றெல்லாம் ஓரத்தில் எழுதியிருந்தார். போகும்போது பலகை முன்னால் மறுபடி நின்று சிவப்புப் பேனாவை எடுத்தார். ‘லை’யை அடித்து ‘ளை’ போட்டார். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“வேலை வேற, வேளை வேற சார்.”

அவர் பதினாறு மணி நேரம் பாடம் எடுத்தார் என்பதற்கு உலகத்தில் உள்ள ஒரே எழுத்துச் சாட்சி அந்த நோட்டு. அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். செயலாளர் அறை என் அறையிலிருந்து நான்காவது கதவு. ஜூன் முழுக்க அந்தக் கதவைக் கடந்துதான் நூலகத்துக்குப் போனேன், கையில் அந்த நோட்டோடு. ஒருமுறை வக்கார் அகமது வெளியே வந்து, “நல்லா இருக்கீங்களா சார்?” என்று கேட்டார். நல்லா இருக்கேன் சார் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

இன்று புதன்கிழமை. ஏழு பெண்கள் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு வாக்கியம் சொந்தமாக எழுதச் சொன்னேன். கடைசி வரிசையில் இருந்த பெண் தயங்கித் தயங்கி நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். ஓரக் குறிப்பில், கேட்கப் பயப்படுவாள் என்று மேடம் எழுதியிருந்தது இவளைப் பற்றித்தான்.

‘நம்ம மேடத்துக்கு வேற வேளை கிடைச்சுதா சார்?’ என்று எழுதியிருந்தாள்.

“தப்பு இருக்கா சார்?” என்றாள்.

இருக்கிறது என்றேன். என் சிவப்புப் பேனாவை எடுத்து ‘ளை’யை அடித்து ‘லை’ போட்டுக் கொடுத்தேன். அவள் நோட்டை வாங்கிக்கொண்டு போகாமல், பதிலுக்காக அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.