மாடத்தில் இருந்த கோப்பை

பிள்ளையார்பாளையத்தில் பைக் ரேஸ் ஓட்டும் பெண் நான் ஒருத்திதான். இரண்டு வருடங்களுக்கு முன், கடைசிச் சுற்றில் வாலாஜாபாத்துக்காரி ஒருத்தி என்னை முந்தி ஜெயித்தாள். ஆத்திரம் தாங்காமல், அவள் என்னை இடித்துவிட்டு முந்தியதாகப் புகார் கொடுத்தேன். அந்த வளைவில் கேமரா இல்லை. என் பேச்சை நம்பிக் கோப்பையை எனக்கே கொடுத்தார்கள். அப்பா அதைத் தறிக்கு எதிரே மாடத்தில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

அடுத்த பந்தயத்தில் வழுக்கி விழுந்தேன். கால் வண்டிக்கடியில் சிக்கிக்கொண்டது, பெட்ரோல் ஒழுகியது. பின்னால் வந்த அதே வாலாஜாபாத்துக்காரி, பந்தயத்தை விட்டுவிட்டு ஓடிவந்து வண்டியைத் தூக்கினாள்.

"அசையாதப்பா, ஆம்புலன்ஸ் வந்துக்கினு இருக்குது," என்றாள்.

"அன்னிக்கு நீ என்னை இடிக்கவே இல்ல," என்று அழுதேன்.

"எனக்குத் தெரியாதா? நான்தானே ஓட்டுனேன்? ஹெல்மெட்டக் கழட்டாத, சும்மா இரு."

கட்டுப் பிரித்த மறுநாளே, பந்தயம் நடத்துகிறவர்களிடம் உண்மையை எழுதிக் கொடுத்தேன். ஒரு வருடம் ஓட்டக்கூடாது என்றார்கள். கோப்பையை நானே வாலாஜாபாத் கொண்டுபோனேன். அவள் அதை வாங்கிக்கொண்டு, "தடை முடிஞ்சதும் வாப்பா, மறுபடியும் தோக்கடிக்கறேன்," என்று சிரித்தாள்.

அடுத்த மாதம் தடை முடிகிறது. மாடம் இன்னும் காலிதான். அப்பா தினமும் அதைத் துடைத்துவைக்கிறார்.