தொண்ணூற்றொன்று உடையுமா?

டயகம பஸ்ஸில், பக்கத்து சீட் பிள்ளை கொப்பியில் 21ஐ முதன்மை எண், அதாவது வேறெதாலும் உடைக்க முடியாத எண், என்று வட்டம் போட்டிருந்ததைத்தான் முதலில் கண்டேன். நாளைக்கு டெஸ்ட் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இறங்க வேண்டும் என்றுகூட கண்டக்டரிடம் சொல்லமாட்டேன். பேசாமல் கதவருகே போய் நிற்பேன்.

இருந்தும் மெதுவாகச் சொன்னேன்: "இருபத்தொண்ண இன்னும் உடைக்கலாம் தங்கச்சி. மூணு, ஏழு."

"ஐயோ, ஆமாங்கக்கா!" என்று அழித்தாள். "அப்ப தொண்ணூத்தொண்ணு? அது உடையாதுதானே?"

யோசிப்பதற்குள் என் இடம் வந்துவிட்டது. இறங்கிக் குடையை விரித்தேன். பஸ் நகர்ந்தபோதுதான் விடை வந்தது.

குடையை மடக்கிக்கொண்டு ஜன்னலோரமாக ஓடினேன்.

"ஏழால உடையும்!"

இதுவரை என் குரலைக் கேட்டிராத கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

இன்னும் சத்தமாகக் கத்தினேன்: "பதிமூணாலயும்!"