உறையின் பின்புறத்தில் தம்பியின் பெயர்

இசைத்தட்டு ஒன்றின் உறையில், பின்புறத்தின் நான்காவது வரியில், என் தம்பியின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது. அங்கே இருந்திருக்க வேண்டியது என் பெயர். இதைச் சொல்ல எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. அப்போதும் நானாக முன்வந்து சொல்லவில்லை. அந்த இசைத்தட்டை மறுபதிப்புச் செய்தவர்களே என்னைச் சொல்லவைத்தார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் சிட்னியின் மேற்கே டூங்கபியில் குடியிருந்தோம். நான், மனைவி, யாழ்ப்பாணத்திலிருந்து பின்னால் வந்து சேர்ந்த தம்பி. மிஷன் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவன் நான். அரசாங்க அலுவலகமொன்றில் வரைபடப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். ஞாயிறு பிற்பகல்களில், வெள்ளையர்களின் ஆராதனை முடிந்தபின் அவர்களது கோவிலில் கூடிய தமிழ்ச் சபைக்கு நானே செயலாளர். டிசம்பரில், நத்தார் என்னும் கிறிஸ்துமஸ் கீதப் பவனிக்கு இளைஞர் சிலர் டிரம் கொண்டுவந்தபோது, அதைக் காருக்குள்ளேயே விட்டு வரும்படி பணித்தவனும் நானே.

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரன் ஒரு வெள்ளைக்காரன். தலைமயிரை எண்ணெய் பூசி முன்னால் தூக்கி வாரியிருப்பான். ரொக்கபிலி என்னும் பழைய அமெரிக்கத் துள்ளிசையில் அவனுக்குப் பைத்தியம். மனந்திரும்பி ஞானஸ்நானம் பெற்ற பின்னரும் அந்த மெட்டுகளை விட மனமில்லாமல், கர்த்தரைப் பற்றிய சொற்களை அவற்றில் ஏற்றிப் பாடிவந்தான். அவனது குழுவில் டபுள் பேஸ் என்னும் ஆளுயர நரம்பு வாத்தியம் வாசித்தவன் ஊரைவிட்டுப் போய்விட்டான். கல்லூரியில் வயலின் பழகியதாக நான் ஒருமுறை பெருமைக்குச் சொன்னது இவனுக்கு ஞாபகம் இருந்தது.

"இதுவும் வயலின்தான், கொஞ்சம் சாப்பிட்டுக் கொழுத்துவிட்டது. வந்து பார்," என்றான்.

போனேன். அந்த இசையில் வில்லுக்கு வேலையில்லை. நரம்பை விரலால் இழுத்து, கட்டையில் 'படார்' என்று அடிக்கவிட வேண்டும். முதல் சனிக்கிழமையே என் விரல்கள் கொப்பளித்தன. அடுத்த சனிக்கிழமைக்காக வாரம் முழுவதும் காத்திருந்தேன். வீட்டில் வேதபாட வகுப்பு என்று சொன்னேன். அந்த ஒன்றரை ஆண்டில் இருந்ததைப் போன்ற சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னரும் இல்லை, பின்னரும் இல்லை. இதை எழுதும்போதும் பேனை தயங்குகிறது.

குழு கலைவதற்குச் சற்று முன் ஒரேயோர் இசைத்தட்டு வெளியிட்டோம். உறைப் படத்தில் நால்வரும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்திருந்தோம். நான் வாத்தியத்தின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தேன். அச்சுக்குக் கொடுக்கப் பெயர் கேட்டான் நண்பன். எங்கள் சபையார் இதைக் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு, முதலெழுத்து உட்பட, தம்பியின் பெயரைச் சொன்னேன். அவன் அப்போது மெல்பேர்ணில் வேலை கிடைத்துப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். யாரும் பார்க்கப் போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருவர் பார்த்தார். தம்பி மெல்பேர்ணின் புறநகரான மல்கிரேவில் வீடு எடுத்து, அங்குள்ள தமிழ்ச் சபையில் சேர விண்ணப்பித்திருந்தான். ஊரில் பாடகர் குழுவை நடத்தியவன், நல்ல குரல். இங்கும் அந்தப் பொறுப்பை அவனுக்கே கொடுப்பதென்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அந்த வேளையில் நிர்வாகக் குழுவைச் சேர்ந்த ஒருவரின் கையில் இசைத்தட்டு அகப்பட்டது. பெயர் அவனுடையது. தொப்பிக்கும் கண்ணாடிக்கும் கீழே தெரிந்த மட்டில், எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே தாடை.

ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்குப் போகிறவர், முந்திய சபையின் செயலாளரிடம் நற்சாட்சிக் கடிதம் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தம்பியின் கடிதத்தை எழுத வேண்டியவன் நான். மெல்பேர்ண் குழுவினர் இந்த விடயத்தையும் தெளிவுபடுத்துமாறு கேட்டிருந்தார்கள். தம்பி தொலைபேசியில் பேசினான்.

"அண்ணை, அது நான் இல்லையெண்டு சொல்லிப்போட்டன். நம்பாட்டி அண்ணையிட்டக் கேளுங்கோ, அவர் பொய் சொல்லமாட்டார் எண்டும் சொன்னனான்."

"நீ யோசியாதை. நான் எழுதிறன்," என்றேன்.

மூன்று முறை திருத்தி எழுதினேன். இலக்கணப் பிழை ஒன்றுமில்லாத கடிதம் அது. என் சகோதரர் இளமையின் வேகத்தில் இத்தகைய கேளிக்கையில் ஈடுபட்டமை உண்மையென்றும், அதற்காக அவர் மனம் வருந்துகிறார் என்றும், கிறிஸ்தவ அன்புடன் அவரை மன்னித்து ஏற்றுக்கொள்ளுமாறும் கேட்டிருந்தேன். அவனைக் காப்பாற்றியதாகவே அன்று நம்பினேன்.

அவனை ஏற்றுக்கொண்டார்கள், பாடகர் குழுவைக் கொடுக்கவில்லை. அவன் கடைசி வரிசை வாங்கில் இருந்தான். பாட்டு வரும்போது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நிற்பான் என்று என் மைத்துனி, அவன் மனைவி, ஒருமுறை சொன்னாள். அந்தக் கடிதத்தைப் பற்றி அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கல்யாணங்களிலும் செத்தவீடுகளிலும் சந்தித்து, காலநிலை பற்றிப் பேசினோம்.

நான் ஓய்வு பெற்ற பிறகுதான் மறுபதிப்பு வந்தது. மெல்பேர்ணில் பழைய இசைத்தட்டுகளைத் தேடியெடுத்து வெளியிடும் சிறு நிறுவனமொன்று, உறையிலிருந்த பெயரைக் கொண்டு தம்பியைக் கண்டுபிடித்து ஒரு பிரதி அனுப்பியிருந்தது. தம்பி என்னை வரச்சொன்னான். போனபோது அவன் அந்தச் சீடியைப் போட்டான். பழைய பதிப்பில் வெட்டப்பட்டிருந்த ஒரு துண்டை இதில் சேர்த்திருந்தார்கள். பாட்டுத் தொடங்குமுன், உற்சாகத்தில் குழறும் ஒரு குரல்: "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு!"

என் குரல். அப்படிச் சிரித்துக்கொண்டு நான் எண்ணியதே எனக்கு மறந்துபோயிருந்தது.

பாட்டு முடியும்வரை தம்பி காலால் தாளம் போட்டான். பிறகு, "நல்லா வாசிச்சிருக்கிறியள், அண்ணை," என்றான்.

"தம்பி, அந்தக் கடிதம்..."

"எனக்கு அப்பவே தெரியும். விரல் எல்லாம் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு திரிஞ்சியள். வேதபாட வகுப்பிலை ஆருக்கு விரல் கொப்பளிக்கும்?"

"தெரிஞ்சுகொண்டோ என்னட்டைக் கேக்கச் சொன்னனீ?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு நினைச்சன்."

அவ்வளவுதான். மைத்துனி தேநீரைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பாராமல் குசினிக்குத் திரும்பினாள்.

அடுத்த ஞாயிறு அவர்களது சபையில் எழுந்து உண்மையைச் சொல்வதென்று தீர்மானித்து, அன்றிரவே அதை ஒரு கடிதமாக எழுதினேன். இந்தக் கடிதத்தைத் திருத்தவில்லை. ஆனால் நான் வாசித்தபோது கேட்க வேண்டியவர்கள் அங்கே இல்லை. அன்றைய நிர்வாகக் குழுவில் பாதிப்பேர் கல்லறையில், மீதிப்பேர் முதியோர் இல்லங்களில். மேடையில் ஒரு முழு டிரம் செட் நின்றது. இளைஞர்கள் கைதட்டினார்கள். இப்போதைய செயலாளர், என் மகன் வயதினர், ஓடிவந்து கையைப் பிடித்தார்: "அங்கிள், செம கூல்! எங்கட யூத் நைற்றுக்கு வந்து வாசிக்கோணும்."

கடைசி வாங்கில் தம்பி மட்டும் கைதட்டவில்லை.

வெளியே கார் தரிப்பிடத்தில் அவனிடம் சொன்னேன்: "அந்தக் கொம்பனிக்கு எழுதிறன். அடுத்த பதிப்பிலை பேரைத் திருத்தட்டும்."

நியாயத்துக்காகவே அதைச் சொன்னேன் என்று எழுத ஆசை. ஆனால் மறுபதிப்போடு வந்த சிறு புத்தகத்தில் டபுள் பேஸ் வாசித்தவரை ஒரு பக்கம் முழுவதும் புகழ்ந்திருந்தார்கள். அந்தப் பக்கத்தை நான் ஐந்தாறு தடவை படித்திருந்தேன்.

தம்பி காரின் கதவைத் திறந்தான். "வேண்டாம், அண்ணை. திட்டு விழேக்கை அது என்ர பேர். இப்ப புகழ் வரேக்கை மட்டும் உங்கடையோ? அது அப்பிடியே கிடக்கட்டும்."

"நீ சொல்லுறது சரி," என்றேன். அவனுடன் காரில் ஏறி அவன் வீட்டுக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் சீடியைப் போட்டான். என் குரல் நான்குவரை எண்ணியது. பாட்டில் அவன் மெதுவாகச் சேர்ந்து பாடினான். வார்த்தைகள் எல்லாம் அவனுக்குப் பாடமாக இருந்தன. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.