பிய்ந்த ஓரம் கேட்கிறார்கள்: புத்தூர் அருகே ஒரு கோல்ஃப் மைதானம்

போன தை மாதம், பொங்கல் கூட்டம் வடிந்ததும் சரசு அக்கா போன் செய்தாள். பெரியம்மா மகள். எட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மண்வேலை எடுத்துச் செய்கிறவள். "கால்ஃப் கிரவுண்டுல மணல் குழி வெட்டிக்கினு கீறோம்டா. நாளானிக்கு டிசைன் போட்டவரு வந்து ஓகே சொன்னாதான் மீதிக் குழிங்க நமக்கு. இல்லன்னா வேற ஆளுங்கள எறக்கிடுவாங்களாம். இன்னா கேக்கறாங்கன்னு நீ வந்து பாரு."

கோல்ஃபை நான் டிவியில்கூடப் பார்த்ததில்லை. மறுநாளே கிளம்பினேன்.

திருப்பதியில் காலை 6.30 பஸ். புத்தூர் 35 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், 45 ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ 20 ரூபாய். "கால்ஃபா? மெம்பரா சார்?" என்றார் ஆட்டோக்காரர். "மண்ணு தூக்கறவங்க ஊட்டு ஆளுண்ணா" என்றேன். "அப்போ முன்னால ஒண்டிக்கோ, பின்னால லேடீஸ் வருவாங்க." அந்த 'சார்' அதோடு போய்விட்டது.

பந்து விழுந்து திணறுவதற்கென்றே வெட்டும் மணல் குழிக்கு பங்கர் என்று பெயர். அதன் ஓரத்தை இரண்டு விதமாக விடலாம். ஒன்று, தட்டின் விளிம்பு போல வழவழவென்று வளைந்து போவது. இன்னொன்று, காட்டாறு அரித்த கரை மாதிரி. புல் நாக்கு நாக்காக மணலுக்குள் தொங்கும், நடுவே செம்மண் தெரியும், யாரும் வெட்டாத பள்ளம் என்று கண் நம்பிவிடும். இங்கே கேட்டது இரண்டாவது.

அக்காவின் ஆட்கள் இரண்டு முறை செய்தும் முதலாவதுதான் வந்திருந்தது. எல்லாம் அடுத்தவர் வயலில் வரப்பு கட்டியே பழகிய கைகள். வரப்பு கோணினால் வசவு, பாதிக் கூலி. அந்தக் கையிடம் திடீரென்று கோணலாக வெட்டு என்றால்?

"நம்ம ஏரிய டிப்பர்காரன் தோண்டினு போனானே, அந்த மாரி வேணுமா இவங்களுக்கு?" என்றாள் எட்டுப் பேரில் ஒருத்தியான அமுலு. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் ஏரிக்கே கூட்டிப்போனாள். மனு மேல் மனு கொடுத்தும் எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்காத கரை. அதே சிதைவை இங்கே காசு கொடுத்துச் செய்யச் சொல்கிறார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வேர் தொங்க நின்ற அந்த ஓரம் அழகாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். சாயங்காலத்துக்குள் குழியைத் திருத்தினார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஹைதராபாத்திலிருந்து வடிவமைப்பாளர் வந்தார். ஜீப் தெரிந்த நேரத்தில் அமுலு குந்தி உட்கார்ந்து ஓரத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அடியே, இன்னாடி பண்ற?"

"பெரிய மனுசன் வராருக்கா. ஒழுங்கா இருக்கட்டுமேன்னு..."

"ஒழுங்கு கேட்டானாடி அவன்? பிச்சி வுடு!"

அமுலு குதிகாலால் ரெண்டு உதை விட்டாள்.

அவர் குழியை ஒரு சுற்றுச் சுற்றினார். உட்கார்ந்து பார்த்தார். "பாகுந்தி" என்றார், நன்றாயிருக்கிறது என்று. மீதியையும் இவர்களே செய்யட்டும், ஆனால் ஒன்று போல இன்னொன்று இருக்கக் கூடாது என்று தெலுங்கில் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். "ஒண்ணு மாரி ஒண்ணு கூடாதாம், கேட்டுக்கினீங்களாடி?" என்று அக்கா சிரித்தபடி கத்தினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

போகிறவர்களுக்கு: ஆட்டக் கட்டணம் நம் பட்ஜெட்டுக்கு ஆகாது. ரோட்டோர வேலிக்கு வெளியே நின்றாலே அந்தக் குழி தெரியும். காலை எட்டுக்குள் போங்கள், சாய்வெயிலில்தான் ஓரத்தின் நிழல் மணலில் விழும். தண்ணீர் பாட்டில் கையோடு இருக்கட்டும், பக்கத்தில் கடை இல்லை. பக்கத்துக் குழியில் எட்டுப் பெண்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். கூப்பிட்டால் கை ஆட்டுவார்கள். நின்று பேச மாட்டார்கள், அது கூலி நேரம்.